முதலில் வட்டம்: ஆர்ட்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒன்பது வயதில் சக்கரக் காலணியை மாட்டினேன். இருபத்திரண்டு வயதில் போட்டிகளை விட்டேன். இப்போது கம்மனஹள்ளிப் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ரிங்க் எனப்படும் ஸ்கேட்டிங் தளத்தின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெற்றோரில் தமிழர்கள் நிறைய. பேச்சு கன்னடத்தில் ஆரம்பித்து, ஆங்கிலத்தில் தடுமாறி, "மேடம், நீங்கள் அல்சூரா?" என்றதும் தமிழுக்கு வந்துவிடும். அதன் பிறகு கேள்விகள் நிற்காது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆர்ட்டிஸ்டிக் என்றால் எது? பூங்காவில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் ஓடுகிறார்களே, அதுவா?

அது வேக ஸ்கேட்டிங். யார் முந்துகிறார்கள் என்பதுதான் அங்கே கணக்கு. ஆர்ட்டிஸ்டிக்கில் இசை ஒலிக்க, தாவவும் சுழலவும் ஒற்றைக்காலில் வளைந்து செல்லவும் வேண்டும். நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். தரையில் வரைந்த வட்டத்தின் மேல் பிசகாமல் செல்வது ஃபிகர்ஸ். தனியாக ஆடுவது ஃப்ரீ ஸ்கேட்டிங். ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து தூக்கியும் சுழற்றியும் ஆடுவது பேர்ஸ். தாவல்களை விட அடவுகளே முக்கியமாக இருப்பது சோலோ டான்ஸ், கப்பிள் டான்ஸ். கூட்டமாக ஆடும் பிரிவுகளும் உண்டு.

டிவியில் பனிக்கட்டியின் மேல் ஆடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

அக்காள் தங்கை என்று சொல்லலாம். ஆக்சல், சால்ச்சோ, லட்ஸ் என்று தாவல்களின் பெயர்கள் இரண்டிலும் ஒன்றே. அமெரிக்காவின் தாரா லிபின்ஸ்கி ஒன்பது வயதில் சக்கரத்தில் அந்நாட்டுச் சிறுமியர் பட்டம் வென்றவர். பிறகு பனிக்கு மாறி 1998 ஒலிம்பிக்கில் பதினைந்து வயதில் தங்கம் வாங்கினார். ஆகவே உறவு உண்மைதான்.

வித்தியாசம் காலடியில் இருக்கிறது. பனியில் கத்தி போன்ற ஒற்றைத் தகடு. நமக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரங்கள். நுனியில் ஒரு ரப்பர்க் கட்டை. அதற்கு டோ ஸ்டாப்பர் என்று பெயர். 1863இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் காப்புரிமை வாங்கியது இந்த நான்கு சக்கர அமைப்புக்குத்தான். அவருக்கு முந்தைய சக்கரக் காலணிகள் நேராக ஓடும். திரும்பச் சொன்னால் அடம்பிடிக்கும். பிளிம்ப்டன் சக்கர அச்சுக்கும் பாதத் தகட்டுக்கும் நடுவே ரப்பரை வைத்தார். கணுக்காலைச் சாய்த்தால் ரப்பர் நசுங்கும், அச்சு திரும்பும், கால் வளைந்து போகும். இன்று வரை எங்கள் விளையாட்டின் உயிர் அந்த ரப்பர்த் துண்டில்தான் இருக்கிறது. பனிக்காலணியை விட இது கனமானது என்பதால் தாவுவதற்குக் கூடுதல் பலம் வேண்டும். விழுந்தாலும் வேறுபாடு தெரியும்: பனி வழுக்கிக்கொண்டு போய் விடும், சிமெண்டுத் தரை தோலைக் கேட்கும்.

சக்கரத்துக்கு மட்டுமே உரிய அழகுகளும் உண்டு. ஒரு காலைப் பின்னால் கிடையாக நீட்டி, தாங்கும் காலின் குதிகால் பக்கச் சக்கரங்களில் மட்டும் சுழல்வது ஹீல் கேமல். கணுக்கால் ஒடிந்ததுபோல் காலைச் சாய்த்து, ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களில் மட்டும் சுழல்வது ப்ரோக்கன் ஆங்கிள். முதன்முறை பார்க்கும் அம்மாக்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

பால்பல் விழுந்து முளைக்கும் வயது போதும். ஐந்து வயதிலேயே கொண்டுவந்து விடுகிறார்கள். கணுக்காலில் பலம் இல்லாமல் அந்தப் பிள்ளை பாதத்தை உள்பக்கம் மடக்கியே நடக்கும். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்ற இரண்டு வருடம் ஆகும். நான் ஒன்பதில் சேர்ந்தேன். போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் கணக்கில் அது சற்றுத் தாமதம்தான். ஆனாலும் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை.

வேக ஸ்கேட்டிங்கில் சேர்ப்பதா, இதில் சேர்ப்பதா?

பெற்றோருக்கு நான் தரும் நேர்மையான பதில்: பதக்கம்தான் குறி என்றால் இன்றைய இந்தியாவில் வேக ஸ்கேட்டிங்குக்குக் காற்று அடிக்கிறது. ஹாங்சோ ஆசிய விளையாட்டு 2023இல் நடந்தபோது 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் நம் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வாங்கின. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் வேக ஸ்கேட்டிங் உலகப் பட்டமே வென்றுவிட்டார். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளிலும் பெரும்பாலும் வேகப் பிரிவுகளே இருக்கும்.

ஆனால் பிள்ளையைக் கேளுங்கள். வகுப்பு முடிந்த பிறகும் தனியாக ஓரத்தில் நின்று சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையை ஓடவிட்டால் மூன்று மாதத்தில் சக்கரத்தையே வெறுத்துவிடும்.

மேடம், ஆறு மாதமாக என் மகளை வட்டத்தில்தான் சுற்றவிடுகிறீர்கள். தாவ எப்போது சொல்லித் தருவீர்கள்?

இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஃபிகர்ஸ் வட்டத்தின் விட்டம் 6 மீட்டர். ஒரே தள்ளலில் ஒற்றைக்காலில் கிளம்பி, கோட்டை விட்டு விலகாமல் முழு வட்டத்தையும் முடிக்க வேண்டும். பிறகு அடுத்த கால், அடுத்த வட்டம். பார்ப்பவருக்குச் சலிப்பாக இருக்கும். உள்ளே நடப்பது வேறு. உடம்பு வட்டத்தின் உள்ளே சாயும்; எவ்வளவு சாய்கிறது என்பதை இடுப்பும் தோளும் சேர்ந்து முடிவு செய்யும்; ஓய்வாக இருக்கும் கால் பின்னாலிருந்து முன்னால் வரும் நொடியில் எல்லாம் குலையப் பார்க்கும். அந்தச் சாய்வுக்கு ரிங்கில் எட்ஜ் என்று பெயர். பாதத்தின் வெளிப்பக்கம் சாய்ந்தால் வெளி எட்ஜ், உள்பக்கம் சாய்ந்தால் உள் எட்ஜ். எல்லாத் தாவலும் ஏதோ ஓர் எட்ஜில்தான் தொடங்குகிறது. லட்ஸ் தாவலில் பின்னோக்கி வெளி எட்ஜில் வளைந்து வந்து, அந்த வளைவுக்கு எதிர்த்திசையில் உடம்பைச் சுழற்ற வேண்டும். எட்ஜைப் பிடித்து வைத்திருக்கத் தெரியாத பிள்ளை கடைசி நொடியில் உள்பக்கம் சாய்ந்து தாவிவிடும். அது லட்ஸ் ஆகாது. போட்டியில் தாவல்களை ஆராயும் தொழில்நுட்பக் குழு அதைக் கண்டுபிடித்துவிடும்.

எனக்கு வட்டம் வந்தது ஒரு கயிற்றால். ரிங்கில் வரைந்திருந்த வட்டங்களைப் பெரிய பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். சின்னவர்களுக்கு முறை வருவதற்குள் இருட்டிவிடும். அப்பா தொழிற்சாலையில் முதல் ஷிப்ட் போகிறவர். அவர் கிளம்புவதற்கு முன், விடியாத நேரத்தில், எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தின் சிமெண்டு முற்றத்துக்கு என்னை அழைத்துப்போவார். காவலாளி தர்மபுரிக்காரர், கதவைத் திறந்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொள்வார். அப்பா கொடிக்கயிற்றில் சரியாக 3 மீட்டர் அளந்து வெட்டியிருந்தார். ஒரு நுனியில் ஆணியைக் கட்டி என்னைப் பிடிக்கச் சொல்வார். மறு நுனியில் சுண்ணாம்புக்கட்டியைக் கட்டி, வேட்டியை மடித்துக் குனிந்து, பின்னோக்கி நடந்தபடியே வட்டம் போடுவார். கயிறு தளர்ந்த இடத்தில் வட்டம் கொஞ்சம் நசுங்கியிருக்கும். அந்த நசுங்கிய வட்டத்தில் ஒரு வருடம் பழகினேன். மாவட்டப் போட்டியில் முதன்முதலாக உண்மையான வட்டத்தில் இறங்கியபோது, வடகிழக்கு மூலையில் என் கால் தானாக உள்ளே சென்றது. நடுவர் சிரித்துவிட்டார்.

எனவே, தாவல் வரும். ஆறு மாதம் பொறுத்தவர்கள் இன்னொரு ஆறு மாதம் பொறுங்கள்.

ஆக்சல் கற்க எத்தனை நாள் ஆகும்?

நாளிலா? ஆக்சல் ஒன்றுதான் முன்னோக்கிப் பார்த்தபடி கிளம்பும் தாவல், இறங்குவது பின்னோக்கி. அதனால் ஒரு சுற்றுக்குப் பதில் ஒன்றரைச் சுற்று. அந்த அரைச்சுற்றுதான் ஆளைக் கொல்லும். 1882இல் வியன்னாவில் நார்வேக்காரர் ஆக்சல் பால்சன் பனியில் முதலில் தாவியதால் இந்தப் பெயர். எனக்கு ஒன்றேகால் வருடம் ஆனது. என்னிடம் படித்த ஒரு பையனுக்கு நான்கு மாதத்தில் வந்தது. அவன் அதற்கடுத்த வருடமே கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்? நன்றாக ஆடிய பிள்ளை கடைசியில் வருகிறதே?

என் காலத்தில் நடுவர் பத்துக்கு இத்தனை என்று தொழில்நுட்பத்துக்கு ஒன்று, அழகுக்கு ஒன்று போடுவார். எந்த நடுவருக்கு எந்தப் பயிற்சியாளரைப் பிடிக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். இப்போது உலக அளவில் ரோல்ஆர்ட் என்ற முறை. தொழில்நுட்பக் குழு நீங்கள் செய்த ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் பெயர் சொல்லும். ஐயம் இருந்தால் வீடியோவை ஓட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. அதன்மேல் நடுவர்கள் தரத்துக்கு மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை போடுவார்கள். ஸ்கேட்டிங் திறன், இணைப்பு அசைவுகள், நிகழ்த்தும் விதம், நடன அமைப்பு ஆகியவற்றுக்குத் தனி மதிப்பெண். விழுந்தால் ஒரு புள்ளி போகும்.

பெற்றோர் ஏமாறுவது சுற்று முழுமையாகாத இடத்தில்தான். இரட்டை சால்ச்சோ தாவி, விழாமல் இறங்கி, சிரித்துக் கைநீட்டினால் வேலிக்கு வெளியே கைதட்டல் பறக்கும். ஆனால் சக்கரம் தரையைத் தொடும்போது சுற்று கால்பங்கோ அரைப்பங்கோ பாக்கி இருந்தால் மதிப்பு குறையும். மிச்சச் சுற்றைத் தரையிலேயே திருகி முடித்திருப்பாள் பிள்ளை. பக்கத்தில் நின்றால் சக்கரம் கிறீச்சிடுவது கேட்கும். காதைத் தீட்டிக்கொண்டு பாருங்கள்; பாதி மதிப்பெண் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பரதநாட்டியமும் கற்கிறாள். இரண்டும் ஒத்துவருமா?

ஒத்துவரும், ஒரு வயது வரை. அரைமண்டியில் நிற்கும் பிள்ளைக்குத் தொடையில் பலம் இருக்கும். முழங்காலை மடித்து இறங்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முகத்தில் பாவம் வரும், கை எங்கே இருக்கிறது என்று தெரியும். இடைஞ்சல் ஒன்று: நாட்டியம் தரையை ஓங்கி மிதிக்கச் சொல்கிறது, நாங்கள் தரைக்குத் தெரியாமல் போகச் சொல்கிறோம். இன்னொன்று, நேரம். பதின்மூன்று வயதில் ஒரு வீட்டில் அரங்கேற்றத்துக்கு மண்டபம் பேசிவிட்டார்கள். அதே மாதத்தில் மாநிலப் போட்டி. அந்தப் பெண் இரண்டையும் செய்தாள். அரங்கேற்ற வீடியோவில் அவள் இடது முழங்காலில் கட்டு இருப்பது தெரியும்.

செலவு எவ்வளவு ஆகும்? மறைக்காமல் சொல்லுங்கள்.

முதல் வருடம் பயப்பட வேண்டாம். 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும் நான்கு சக்கரக் காலணி போதும். முழங்கால், முழங்கை உறைகள் தனி. "பிறகு பெரியதாக வாங்க வேண்டியதில்லையே" என்று இரண்டு அளவு பெரிதாக மட்டும் வாங்காதீர்கள். பள்ளிச் சீருடைக்கு ஆகும் அந்தச் சிக்கனம் இங்கே கணுக்காலைப் பிசகவைக்கும்.

தாவல் தொடங்கியதும் கணக்கு மாறும். காலணி தனி, தகடு தனி, சக்கரம் தனி என்று வாங்கிப் பொருத்த வேண்டும். நல்லவை பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வருகின்றன. எடியா காலணி, ரோல்-லைன் தகடு என்று பிள்ளைகள் கனவில்கூடச் சொல்வார்கள். சுங்கவரி, கூரியர் எல்லாம் சேர்ந்து என் மாணவிகளின் வீடுகளில் 70,000 ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. வளரும் பிள்ளைக்கு அது இரண்டு வருடம் வந்தால் புண்ணியம். அதனால் பழையதைக் கைமாற்றிக்கொள்கிறோம். இப்போது என்னிடம் உள்ள ஒரு ஜோடி நான்காவது காலில் இருக்கிறது. உள்ளே மூன்று பேரின் பெயர் பேனாவால் எழுதி அடிக்கப்பட்டிருக்கும்.

சக்கரத்தின் கடினத்தைக் கவனியுங்கள். மென்மையான சக்கரம் தரையைப் பிடிக்கும், கடினமானது வழுக்கும். சுழற்சிக்குக் கொஞ்சம் வழுக்க வேண்டும், ஓட்டத்துக்குப் பிடிக்க வேண்டும். மரத்தரையில் ஓடிய சக்கரத்தை அப்படியே வழவழப்பான கிரானைட்டில் இறக்கினால் பிள்ளை முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிடும். போட்டி எந்தத் தரையில் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு சக்கரம் எடுத்துப் போவது பயிற்சியாளரின் வேலை. கேட்காத பயிற்சியாளரை மாற்றுங்கள்.

பேரிங் மொத்தம் பதினாறு: எட்டுச் சக்கரம், ஒவ்வொன்றிலும் இரண்டு. எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு தினத்தந்தியை விரித்து, எவர்சில்வர் கிண்ணத்தில் ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றி, பதினாறையும் ஊறவைத்துத் துடைப்போம். அடுப்புக்கு வைத்த மண்ணெண்ணெயை அம்மா அளந்துதான் கொடுப்பாள். ஒருமுறை ஒரு பேரிங் உருண்டு சாக்கடையில் போய்விட்டது. பதினைந்தோடு மறுநாள் பயிற்சி. இன்றைய பிள்ளைகளுக்கு அம்மாக்கள் துடைத்துக் கொடுக்கிறார்கள். கொடுக்காதீர்கள். தன் சக்கரத்தின் சத்தம் மாறினால் தனக்கே தெரியவேண்டும்.

இது தவிர மாதக் கட்டணம், ரிங்க் வாடகை, போட்டி உடை, ஊர்ப் பயணம், துணைக்குப் போகும் அம்மாவின் விடுப்பு. கடைசியாகச் சொன்னதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

உடை பற்றி... வீட்டில் பாட்டி ஆட்சேபிக்கிறார்.

என் ஆயாவும் ஆட்சேபித்தார். தோல் நிறத்துக் காலுறை முழுக்காலையும் மூடும் என்பதைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். முழுக்கை, முழுக்கால் உடையும் இப்போது சாதாரணம்தான். சிவாஜிநகரில் நடன உடை தைக்கும் தையல்காரர்கள் நீட்சித் துணியில் நன்றாகத் தைப்பார்கள்; இரண்டு பக்கமும் இழுக்கும் துணி வேண்டும் என்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். கல் பதிக்கும்போது அக்குளில் பதிக்க வேண்டாம். ஏன் என்று ஒருநாள் அனுபவித்தால் புரியும்.

பெங்களூரில் பயிற்சிக்கு இடம் இருக்கிறதா? மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?

மாநகராட்சிப் பூங்காக்களை ஒட்டிய ரிங்குகள், தனியார் ரிங்குகள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கூடைப்பந்துத் தளங்கள். கூரை உள்ளவை குறைவு. அங்கே நேரம் கிடைப்பது அரிது. ஈரத்தரையில் சக்கரம் நிற்காது, பேரிங்கும் துருப்பிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நான்கு மணிக்கு இடி இடிக்கும் ஊர் இது. ஜூன் வந்தால் முறையான மழைக்காலம். அதனால் பயிற்சி காலை ஐந்தரைக்கு. மழை பெய்த இரவுக்கு மறுநாள் பெற்றோரும் பிள்ளைகளுமாகத் துடைப்பமும் சாக்கும் கொண்டு தண்ணீர் தள்ளுவோம். காலை எட்டரைக்கு மேல் இந்த ஊர் போக்குவரத்தில் யாரும் எங்கும் போய்ச் சேர முடியாது என்பதால் ஏழரைக்கு முடித்துவிடுவேன்.

போட்டிக்குப் போகும் வழி என்ன?

கிளப், மாவட்டம், மாநிலம், தேசியம். தேசிய அளவில் இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு. அது 1955இல் தொடங்கியது. உலக அளவில் வேர்ல்டு ஸ்கேட். 1924இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த பழைய ரோலர் அமைப்பும் ஸ்கேட்போர்டு அமைப்பும் 2017இல் இணைந்து உருவானது. ஒவ்வொரு வருடமும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கட்டும். தமிழ் வீடுகளில் இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதில் எத்தனை பிள்ளைகள் தடுக்கி விழுந்திருக்கிறார்கள் தெரியுமா? எனக்குப் பதினாறு வயதில் ஒரு மாநிலப் போட்டி போயிற்று. படிவத்தில் ஒரு முத்திரை இல்லை. முத்திரை போட வேண்டியவர் ஊரில் இல்லை. ரிங்குக்கு வெளியே சக்கரம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா எதுவும் பேசாமல் காலணியின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அன்றிலிருந்து படிவத்தின் மூன்று நகல்கள் இல்லாமல் நான் எங்கும் போனதில்லை.

இந்தியர்கள் யாராவது பெரிதாக வென்றிருக்கிறார்களா?

ஹைதராபாத்தைச் சேர்ந்த அனூப் குமார் யாமா. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் வெண்கலம். அவனி பாஞ்சாலுடன் பேர்ஸில் இன்னொரு வெண்கலம். ஆசிய விளையாட்டில் ரோலர் போட்டிகள் முதன்முறையாக நுழைந்ததே அந்த வருடம்தான். 2015இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. குவாங்சோச் செய்தி வந்த நாளிதழை நான் இன்னும் வைத்திருக்கிறேன். விளையாட்டுப் பக்கத்தின் கீழ்மூலையில் நான்கு வரி. அந்த நான்கு வரிக்காக எங்கள் ரிங்கில் அன்று மைசூர்பாகு கொடுத்தோம்.

அதன் பிறகு ஆசிய விளையாட்டில் ஆர்ட்டிஸ்டிக் பிரிவு நிலைக்கவில்லை. 2018 ஜகார்த்தாவில் அது இல்லை. உலகப் போட்டிகள் 1947 முதல் நடக்கின்றன. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், அர்ஜென்டினா நாட்டவர்கள் அங்கே ஆட்சி செய்கிறார்கள். டிரியெஸ்டே நகரத்து டான்யா ரொமானோவின் வீடியோவைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். தாவலை விடுங்கள், தாவி இறங்கிய பிறகு அவர் எவ்வளவு தூரம் அதே எட்ஜில் அசையாமல் போகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஒலிம்பிக்கில் உண்டா?

இல்லை. ஸ்கேட்போர்டு உண்டு, நமக்கு இல்லை.

அடிபடுமா?

படும். முட்டி, முழங்கை, மணிக்கட்டு, தாடை என்று இந்த வரிசையில். எனக்கு இடது மணிக்கட்டு ஒருமுறை உடைந்தது, வலது கணுக்கால் இரண்டு முறை பிசகியது. விழக் கற்றுக்கொடுப்பதுதான் என் முதல் வாரப் பாடம்: முன்னால் கை ஊன்றாமல், பக்கவாட்டில் தொடையில் உட்காருவதுபோல் விழ வேண்டும். எலும்பு முறிவைவிட நாள்பட்ட வலிதான் பயமுறுத்தும். ஒரே காலில் இறங்கி இறங்கி அந்த முழங்காலும் இடுப்பும் தேயும். ஒரு நாளைக்கு நூறு தாவல் போடச் சொல்லிப் பெருமைப்படும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். வளர்ச்சிப் பருவத்தில் பிள்ளை திடீரென்று உயரும்போது வந்த தாவல்கள் எல்லாம் தொலைந்துபோகும். அந்த ஆறேழு மாதங்கள் திட்டாமல் வட்டத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். என்னிடம் இருந்த திறமையான மூன்று பெண்கள் விட்டுப்போனது அந்தப் பருவத்தில்தான். அதில் ஒருத்தியை நான்தான் திட்டினேன்.

எஸ்.எஸ்.எல்.சி. வருடம் நிறுத்திவிடலாமா?

குறைக்கலாம், நிறுத்த வேண்டாம். முழுதாக ஒரு வருடம் விட்டால் திரும்பி வருபவர்கள் குறைவு. வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், புதிய தாவல் எதுவும் வேண்டாம். பி.யூ.சி. எனப்படும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள்தான் உண்மையான வெட்டுக்கத்தி; நீட், ஜே.இ.இ. வகுப்பும் காலை ஐந்தரைக்குத்தான் ஆரம்பிக்கிறது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்குமா? இதில் பிழைக்க முடியுமா?

மத்திய அரசு வேலைகளுக்கான அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் பட்டியலில் ரோலர் ஸ்கேட்டிங் இருக்கிறது. பட்டியலில் இருப்பது வேறு, காலியிட அறிவிப்பில் இருப்பது வேறு. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய விளையாட்டுகளைத்தான் கேட்கும்; கபடியும் தடகளமும் ஓடும் இடத்தில் நம் பெயர் வருவது அரிது. சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் அதை நம்பி மட்டும் சேர்க்காதீர்கள்.

பிழைப்பு என்றால் பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பதுதான். நடன அமைப்பு செய்யலாம், நடுவர் தேர்வு எழுதலாம். அதில் மரியாதை அதிகம், வருமானம் குறைவு. எனக்கு முப்பது பிள்ளைகள். வாடகை போக நிற்பது ஒரு பள்ளி ஆசிரியையின் சம்பளத்துக்குக் கொஞ்சம் கீழே. மழை மாதங்களில் இன்னும் கீழே. கணவரின் சம்பளம் இருப்பதால் ஓடுகிறது என்பதை மறைக்கப் போவதில்லை. பரிசுத்தொகையால் வீடு கட்டிய ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டரை நான் இதுவரை சந்திக்கவில்லை. பிள்ளையின் பெயரில் போடும் சேமிப்பைத் தொடாமல், மாதச் செலவுக்குள் அடங்குமானால் சேருங்கள். நகையை வைத்து இத்தாலிக் காலணி வாங்கிய வீட்டில், பிள்ளை ஒவ்வொரு முறை விழும்போதும் அம்மாவின் வெறும் கழுத்தைத்தான் பார்த்தாள்.

பையன்களுக்கு இது சரிப்படுமா?

பையன்கள் கிடைக்காமல்தான் பேர்ஸ் ஆட ஆளில்லை. அனுப்பிவையுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். கடைசி வருடம் வயலின் தில்லானா ஒன்றுக்கு ஆடினேன். நான்கு நிமிடத்தில் இரண்டாவது நிமிடம் வரை எல்லாம் சரி. இரட்டைச் சுற்று லூப் தாவலுக்குப் பின்னோக்கி வந்தபோது, தாவலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அதுவரை யோசித்ததில்லை. தாவினேன், ஒற்றைச் சுற்றிலேயே உடம்பு திறந்துவிட்டது. விழவில்லை. ஆனால் யோசித்துவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்தது. ஐந்தாவது இடம். வீட்டுக்கு வந்து பதினாறு பேரிங்குகளையும் துடைத்து எண்ணெய் போட்டு டப்பாவில் வைத்தேன். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. அம்மா ஒரு மாதம் எதுவும் கேட்கவில்லை.

என் வயது முப்பத்தெட்டு. மகளைக் கொண்டுவிட்டுத் தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நானும் கற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. ஞாயிறு காலை ஏழரைக்குப் பிள்ளைகள் போன பிறகு தரை காலியாக இருக்கும். ஏற்கெனவே நான்கு அம்மாக்களும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் வருகிறார்கள். முழங்கால் உறையும் மணிக்கட்டு உறையும் கட்டாயம். துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். முதல் மாதம் வேலியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பீர்கள். மகளை வேலிக்கு வெளியே உட்காரச் சொல்லுங்கள், ஆனால் உங்களைத் திருத்த அவளுக்கு அனுமதி கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.